மூன்று வடைக்கு மட்டும் "பணம் குறைவு": தசம எண்களை எப்படி ஒப்பிடுவது?

தேக்கா மகன் · செவ்வாய், இரவு 10:42

அப்பா சிங்கப்பூர்த் தேக்காவில் சின்னதாக ஒரு பலகாரக் கடை நடத்துகிறார். கல்லாவுக்கு நான்தான் பைத்தானில் ஒரு நிரல் எழுதி டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதமாக ஒழுங்காக ஓடியது.

இன்று காலை கூட்ட நேரத்தில் ஒரு பாட்டி மூன்று வடை வாங்கியிருக்கிறார். ஒன்று 1 வெள்ளி (டாலர்) 10 காசு. சில்லறையை எண்ணி, சரியாக 3 வெள்ளி 30 காசு கொடுத்தாராம். அப்பா 3.30 என்று தட்டியதும் திரை சிவப்பாகி "பணம் குறைவு" என்று காட்டியிருக்கிறது. பாட்டி பதறிப்போய் மறுபடியும் பர்ஸைத் திறந்து சில்லறை தேட ஆரம்பித்துவிட்டாராம். அப்பா "இல்லம்மா, மெஷின் கோளாறு" என்று சொல்லி அனுப்பிவைத்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

வீட்டுக்கு வந்து சோதித்தேன். இரண்டு வடைக்குச் சரியாக வருகிறது. நான்கு வடைக்கும் சரி. மூன்றுக்கு மட்டும் இப்படி:

மொத்தம் = 1.1 + 1.1 + 1.1
கட்டியது = 3.3
கட்டியது < மொத்தம் → உண்மை

(பைத்தானில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், நான் அப்படித்தான் எழுதுகிறேன்.) இரண்டையும் இரண்டு தசம இடத்துக்கு அச்சிட்டால் 3.30, 3.30 என்றே வருகிறது. பிறகு எப்படி ஒன்று இன்னொன்றைவிடச் சிறியதாகும்?

இருமம்52 · செவ்வாய், இரவு 11:15

தம்பி, முழு எண்ணையும் அச்சிட்டுப் பாருங்கள். மொத்தம் 3.3000000000000003 என்று வரும்.

கணினி 1.1 என்ற எண்ணை வைத்துக்கொள்வதே இல்லை. புள்ளி வைத்த எண்களைக் கணினி வைத்துக்கொள்ளும் டபுள் வகையில் இருப்பது மொத்தம் 64 பிட் (0 அல்லது 1). குறிக்கு 1, அடுக்குக்கு 11, பின்னத்துக்கு 52. நாம் 1/3-ஐ எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறதல்லவா, 0, 1 மட்டும் வைத்து எழுதும் இருமத்தில் 1.1 அப்படித்தான் போகும்: 1.0001100110011… என்று 0011 திரும்பத் திரும்ப வரும். 52 இடத்தோடு நிறுத்தியாக வேண்டும். நிறுத்தும்போது மேலேயோ கீழேயோ அருகிலுள்ள எண்ணுக்குத் தள்ளிவிடும்.

இப்போது உங்கள் வடைக் கணக்கைப் பாருங்கள். 1.1 எழுதியபோது எண் மேலே தள்ளப்பட்டது. உள்ளே இருப்பது 1.1-ஐவிட 0.0000000000000000888 அதிகம். மூன்று முறை கூட்டும்போது அந்த அதிகப்படியும் மூன்று மடங்காகிறது. ஆனால் 3.3 என்று நேராகத் தட்டியபோது எண் கீழே தள்ளப்பட்டது, 0.000000000000000178 குறைவாக. ஒன்று மேலே, ஒன்று கீழே. நடுவில் சரியாக ஒரு படி இடைவெளி விழுந்துவிட்டது.

இரண்டு வடைக்கும் நான்கு வடைக்கும் ஏன் சரியாக வந்தது? 2-ஆலும் 4-ஆலும் பெருக்கினால் இருமத்தில் அடுக்கு மட்டும்தான் மாறும், பின்னத்தின் 52 பிட்டும் அப்படியே இருக்கும். 2.2 எழுதினாலும் 4.4 எழுதினாலும் அதே பிட்டுகள்தான் வரும். அதனால்தான் மூன்று மாதம் தப்பித்தீர்கள்.

இது பைத்தானின் குற்றம் இல்லை. இப்படிப்பட்ட எண்களுக்காக 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி நடக்கும் எல்லா மொழியிலும் இதே விடைதான். ஜாவாவில் போடுங்கள், ஜாவாஸ்கிரிப்டில் போடுங்கள், 3.3000000000000003 தான்.

ஈசூன் தம்பி · செவ்வாய், இரவு 11:31

எளிய வழி இருக்கு அண்ணே. சமமா என்று கேட்கும் == போடாதீங்க. வித்தியாசத்தை எடுத்து, அது எப்சிலன் என்ற குட்டி எண்ணைவிடச் சின்னதா என்று பாருங்க. எப்சிலனை பைத்தானே தரும், 2.22 × 10⁻¹⁶. நான் எப்போதும் இதைத்தான் போடுவேன். 0.1 + 0.2 போட்டால் 0.3-க்குச் சமம் இல்லை என்று வருமே, அந்தக் கணக்கு உடனே சரியாகிவிடும்.

தேக்கா மகன் · புதன், காலை 7:05

எம்ஆர்டி ரயிலில் வரும்போது சோதித்தேன். 0.1 + 0.2-க்குச் சரியாகிறது. மூன்று வடைக்குச் சரியாகவில்லை! வித்தியாசம் 4.44 × 10⁻¹⁶ என்று காட்டுகிறது, எப்சிலனைவிடப் பெரிசு.

இருமம்52 · புதன், காலை 8:20

நன்றாகச் சோதித்தீர்கள். இந்தப் பிழையான ஆலோசனை இணையத்தில் எங்கு பார்த்தாலும் இருக்கிறது. ஈசூன் தம்பியைக் குறை சொல்லவில்லை, நானும் ஒரு காலத்தில் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த எப்சிலன் என்பது 1-க்கும் அதற்கு அடுத்து இருக்கும் டபுள் எண்ணுக்கும் இடையிலான இடைவெளி. 1-க்கு மட்டும். எண் பெரிதாக ஆக, இடைவெளியும் அகலமாகும். 2-க்கும் 4-க்கும் நடுவில் அது 4.44 × 10⁻¹⁶. ஆயிரத்தின் அருகில் 1.1 × 10⁻¹³. 10 மில்லியனின் அருகில் 1.9 × 10⁻⁹.

இதன் பொருளை யோசியுங்கள். 2 வெள்ளிக்கு மேலே எந்த இரண்டு வெவ்வேறு எண்ணை எடுத்தாலும் அவற்றின் இடைவெளி எப்சிலனைவிடக் கூடுதல். அப்படியென்றால் 2 வெள்ளிக்கு மேற்பட்ட எந்தப் பில்லுக்கும் அந்தச் சோதனை வெறும் == போட்டதற்குச் சமம். 0.1 + 0.2-இல் வித்தியாசம் 5.55 × 10⁻¹⁷ என்பதால் மட்டுமே அது வேலை செய்வதுபோலத் தெரிகிறது. எல்லோரும் அந்த ஒரே உதாரணத்தை வைத்துச் சோதிக்கிறார்கள், பச்சை விளக்கு எரிகிறது, அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஈசூன் தம்பி · புதன், மதியம் 12:48

ஓகே, ஏற்றுக்கொள்கிறேன். அப்படின்னா எப்சிலனைப் பெருசா வைத்துவிட்டால் போச்சு லா. 1 காசு நாணயம் வெளியிடுவதை 2002-லேயே நிறுத்தியாச்சு. ரொக்கத்தில் எப்படியும் 5 காசுக்குத்தான் ரவுண்டு செய்கிறோம். 0.05 வைங்க. புளோட் (டபுள் மாதிரி எண்) பிழையும் அடங்கும், ரவுண்டிங்கும் அடங்கும்.

கணக்கு அக்கா · புதன், மதியம் 1:10

தம்பி, தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். பதினெட்டு வருடமாக உணவகங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் இந்த 0.05, ராத்திரி பதினோரு மணிக்கு என்னை உட்கார வைத்து அழ வைத்திருக்கிறது.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். சாப்பாடு 18.40. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, 1.84. ஆக 20.24. அதற்கு மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு, 1.8216, அதாவது 1.82. மொத்தம் 22.06. அட்டையில் கட்டினால் 22.06 வெள்ளி. ரொக்கமாகக் கட்டினால் 22.05 வெள்ளி. அந்த 1 காசு உண்மையான பணம். அது எங்கே போனது என்று புத்தகத்தில் இருக்க வேண்டும். நாங்கள் அதற்கென்றே "சில்லறைத் திருத்தம்" என்று தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். கூடினாலும் குறைந்தாலும் அங்கே போய் உட்காரும். மாதக் கடைசியில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சின்னத் தொகையாகத்தான் நிற்கும். நிற்கவில்லை என்றால் எங்கோ தப்பு நடக்கிறது என்று பொருள்.

கணினியின் பிழை 0.0000000000000004 வெள்ளி. நீங்கள் வைக்கச் சொல்லும் சலுகை 0.05 வெள்ளி. கொசுவை மறைக்கக் கோணிப்பையைப் போட்டு மூடினால் அதற்குள் பெருச்சாளியும் போய் ஒளிந்துகொள்ளும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படித்தான் சலுகை வைத்திருந்தார்கள், ஒரு பில்லுக்கு 5 காசு வரை கேள்வி கிடையாது. ஒரு நாளைக்கு 300 பில். எட்டு மாதம் கழித்து உட்கார்ந்து கூட்டினேன். ஒரு பானத்தின் விலையை யாரோ தப்பாகப் பதிந்திருந்தார்கள், அத்தனை நாளும் அது கண்ணில் படவே இல்லை.

பணத்தை அளக்காதீர்கள், எண்ணுங்கள். அந்தப் பாட்டி எப்படி எண்ணிக் கொடுத்தார்? காசாகத்தானே? நிரலும் காசாகவே எண்ணட்டும். ஒரு வடை 110. மூன்று வடை 330. கட்டியது 330. முழு எண்ணுக்கு == போட்டால் ஒரு ஆபத்தும் இல்லை. திரையில் காட்டும்போது மட்டும் 3.30 என்று காட்டுங்கள்.

ஜூரோங் ஆசிரியர் · புதன், மாலை 6:35

அக்கா சொல்வது முழுக்கச் சரி. மாணவர்களுக்கு நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வியும் இதுதான்: உன் எண் எண்ணப்பட்டதா, அளக்கப்பட்டதா? அதற்கு விடை தெரியாமல் எப்சிலன் பற்றிப் பேசிப் பயனில்லை.

தேக்கா மகன் காசுக்கு மாறும்போது ஒரு குழி இருக்கிறது. "வெள்ளியை 100-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினால் போதும்" என்று செய்துவிடாதீர்கள். 4.35 × 100 என்று பைத்தானிடம் கேளுங்கள், 434.99999999999994 என்று சொல்லும். அதை முழு எண்ணாக வெட்டினால் 434. ஒரு காசு போச்சு. 19.99-க்கும் அதே கதி, 1998 வரும். தட்டிய எழுத்துகளை எழுத்தாகவே வைத்துக்கொண்டு, புள்ளிக்கு முன்னால் உள்ளதை வெள்ளியாகவும் பின்னால் உள்ளதைக் காசாகவும் பிரித்து எடுங்கள். டபுளாக ஒரு நொடிகூட மாறவே கூடாது.

இல்லையென்றால் எண்ணைத் தசமமாகவே வைத்துக்கொள்ளும் பைத்தானின் டெசிமல் வகையைப் பயன்படுத்தலாம். அதிலும் '1.10' என்று மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும். மேற்கோள் இல்லாமல் 1.1 என்று கொடுத்தால், ஏற்கெனவே கெட்டுப்போன டபுளை வாங்கிக்கொண்டு 1.10000000000000008881784… என்று அந்த வாலையும் அப்படியே விசுவாசமாகச் சேர்த்துக்கொள்ளும். ஜாவாவில் அதே வேலைக்கான பிக்டெசிமல் எழுதுபவர்களும் இதே இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். அங்கே இன்னொன்றும் உண்டு: ஈக்குவல்ஸ் போட்டால் 2.0-உம் 2.00-உம் வேறு வேறு, ஏனென்றால் தசம இடங்களின் எண்ணிக்கையையும் சேர்த்து ஒப்பிடும். கம்பேர்டூ போட்டால்தான் சமம் என்று சொல்லும்.

டெசிமலுக்கு மாறினால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். 10 வெள்ளியை மூன்றால் வகுத்து மூன்றால் பெருக்குங்கள், 9.999999999999999999999999999 தான் வரும். மூன்று நண்பர்கள் பில்லைப் பங்கிட்டால் 3.34, 3.33, 3.33. அந்த ஒரு காசு யார் தலையில் என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்து நிரலில் எழுத வேண்டும்.

கணக்கு அக்கா · புதன், மாலை 7:02

வரியிலும் அதே கதைதான் ஐயா. வரி சேர்க்காமல் 50 காசுப் பொருள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் 9 விழுக்காடு போட்டால் 4.5 காசு, ரவுண்டு செய்தால் 5, ஆக 15 காசு. மூன்றையும் கூட்டி 150-க்குப் போட்டால் 13.5, அதாவது 14 காசு. இரண்டு ரிப்போர்ட் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை என்று புளோட்டைத் திட்டுவார்கள். புளோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எந்த இடத்தில் ரவுண்டு செய்வது என்று ஒரு முறை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே பின்பற்ற வேண்டும்.

தேக்கா மகனுக்கு இப்போது இந்தக் கவலை இருக்காது என்று நினைக்கிறேன். ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் பொருள் சேவை வரிக்குப் பதிவு கட்டாயம். அப்பா கடை அவ்வளவு வளர வாழ்த்துகள்.

சென்சார் அண்ணன் · புதன், இரவு 9:50

எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வேலையில் காசும் இல்லை, வடையும் இல்லை. கட்டடங்களின் குளிரூட்டி அமைப்பு. குளிர்நீர் 7 டிகிரியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெப்பநிலையை எண்ண முடியாது, அளக்கத்தான் முடியும். எங்களுக்கு டபுள்தான் சரியான வகை, சகிப்பளவு (எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது) இல்லாமல் ஒப்பிடவும் முடியாது.

ஆனால் அந்தச் சகிப்பளவைக் கணினியிடம் கேட்கக் கூடாது, உணரியிடம் கேட்க வேண்டும். என் உணரியின் துல்லியமே ±0.2 டிகிரி. 10⁻⁹ வரை ஒப்பிட்டு நான் என்ன கண்டுபிடிக்கப் போகிறேன்? 0.2-க்குள் இருந்தால் சமம் என்றுதான் எடுத்துக்கொள்வேன். அந்த 0.2 எங்கிருந்து வந்தது என்று நிரலிலேயே ஒரு வரி குறிப்பும் எழுதி வைப்பேன், எனக்குப் பிறகு வருகிறவர் அதைத் தொடாமல் இருக்க.

புதிதாகச் சேர்கிற தம்பிகள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, 0-இல் தொடங்கி 0.1, 0.1 ஆகக் கூட்டிக்கொண்டே போய் 1.0 ஆனதும் நிற்கச் சொல்வது. பத்து முறை கூட்டினால் 0.9999999999999999 தான் வரும். அடுத்தது 1.0999999999999999. 1.0 என்ற நிறுத்தத்தை வண்டி தாண்டிப் போய்விடும், நிற்கவே நிற்காது. 0, 1, 2 என்று முழு எண்ணால் எண்ணி, தேவைப்படும்போது 10-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இன்னும் மோசம். உணரியின் கம்பி அறுந்தால் வாசிப்பு நேன் என்று வரும், எண்ணே அல்லாத ஒன்று. பெரிதா, சிறிதா, சமமா என்று அதை எதோடு ஒப்பிட்டாலும் பொய் என்றுதான் வரும், தன்னோடு தானே சமமா என்று கேட்டாலும்கூட. "வெப்பம் > 30 என்றால் மணி அடி" என்று எழுதியிருந்தால் கம்பி அறுந்த அன்று மணி அடிக்காது. இரவு முழுக்க அமைதியாக இருக்கும். நான் இப்போதெல்லாம் திருப்பித்தான் எழுதுகிறேன்: "வெப்பம் <= 30 என்பது உண்மை இல்லை என்றால் மணி அடி." நேன் வந்தாலும் அடித்துவிடும்.

இருமம்52 · புதன், இரவு 10:30

அண்ணன் சொன்ன 0.1-ஐ உலகமே மறக்கக் கூடாத ஒரு நாள் உண்டு. 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணி வைத்திருந்தது. எண்ணிக்கை முழு எண்தான், அதில் பிழை இல்லை. அதை நொடியாக்க 0.1-ஆல் பெருக்கிய இடத்தில், அந்த 0.1 வெறும் 24 பிட்டுக்குள் வெட்டப்பட்டிருந்தது. ஓர் எண்ணிக்கைக்கு 0.000000095 நொடி அளவு குறைவு. அமைப்பு சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியிருந்தது, அதாவது 36 லட்சம் எண்ணிக்கை. பெருக்கிப் பாருங்கள்: 0.34 நொடி.

எதிரி ஏவிய ஸ்கட் ஏவுகணை அந்த 0.34 நொடியில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். தேட வேண்டிய இடத்தில் தேடவில்லை. 28 வீரர்கள் இறந்தார்கள். நிரலின் சில இடங்களில் மட்டும் இன்னும் துல்லியமான மாற்றுமுறையைச் சேர்த்திருந்தார்கள், மற்ற இடங்களில் பழையதே இருந்தது. இரு பக்கமும் ஒரே அளவு பிழை இருந்திருந்தால் கழிக்கும்போது அது பெரும்பாலும் அடிபட்டுப் போயிருக்கும். வெவ்வேறு துல்லியத்தில் வந்த இரண்டு எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டதுதான் கொன்றது.

உயிர்ச்சேதம் இல்லாத இன்னொன்று, வான்கூவர் பங்குச் சந்தையின் குறியீடு. 1982 ஜனவரியில் 1000 புள்ளியில் தொடங்கியது. ஒவ்வொரு வியாபாரத்துக்குப் பிறகும் மூன்றாம் தசம இடத்தோடு வெட்டினார்கள், ரவுண்டு செய்யவில்லை. 1983 நவம்பரில் 524.811-இல் நின்றது. திருத்திக் கணக்கிட்டால் 1098.892.

ஈசூன் தம்பி · புதன், இரவு 11:05

படிக்கவே கஷ்டமாக இருக்கு. சரி, பைத்தானில் இரண்டு எண் ஏறக்குறையச் சமமா என்று பார்க்க ஐஸ்குளோஸ் என்று ஒன்று இருக்கே? 3.5 பதிப்பிலிருந்து வருது. அதைப் போட்டால் மூன்று வடையும் சரியாக வருது. பணத்துக்கும் அதையே போட்டால் என்ன?

ஜூரோங் ஆசிரியர் · வியாழன், காலை 6:50

நல்ல கருவி, ஆனால் அளக்கப்பட்ட எண்களுக்கு. அது இயல்பாக விகிதத்தைப் பார்க்கும், 10⁻⁹. பெரிய எண்ணுக்குப் பெரிய சலுகை, சின்ன எண்ணுக்குச் சின்னச் சலுகை. தொகை 10 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் ஒரு காசு வித்தியாசம் அதற்குக் கண்ணிலேயே படாது. அக்கா அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

மறுமுனையில், பூஜ்யம். "மொத்தத்திலிருந்து கட்டியதைக் கழி, பூஜ்யத்துக்கு அருகிலா பார்" என்று ஐஸ்குளோஸிடம் கேட்டால், துளி மிச்சம் இருந்தாலும் இல்லை என்றே சொல்லும். பூஜ்யத்தின் பக்கத்தில் விகிதத்துக்குப் பொருள் இல்லை. அதனால் சென்சார் அண்ணன் செய்வதுபோல நிலையான சகிப்பளவையும் நாமே சேர்த்துக் கொடுக்க வேண்டும். இயல்பில் அது 0 ஆக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் யாருமே எதிர்பார்ப்பதில்லை. "ஏறக்குறையச் சமம்" என்பது சங்கிலி போல நீளாது. சகிப்பளவு 0.2 என்றால் 7.00-உம் 7.15-உம் சமம், 7.15-உம் 7.30-உம் சமம், ஆனால் 7.00-உம் 7.30-உம் சமமில்லை. ஆகவே நிரலில் ஒன்றைத் தேடி எடுக்க வைக்கும் அகராதிச் சாவிக்கும், ஒரே மாதிரி உள்ளவற்றைக் குழுவாக்கவும், வரிசைப்படுத்தவும் இதைப் பயன்படுத்தக் கூடாது. எந்த வரிசையில் தரவு வந்ததோ அதற்கேற்ப விடை மாறும்.

தேக்கா மகன் · சனி, இரவு 11:20

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவே எல்லாவற்றையும் காசுக்கு மாற்றிவிட்டேன். தட்டும் எழுத்துகளைப் புள்ளியில் பிரித்து நேராக முழு எண்ணாக்குகிறேன். டபுள் எங்குமே இல்லை. சில்லறைத் திருத்தத்துக்குத் தனிப் பத்தியும் போட்டேன். 1 முதல் 200 வடை வரை ஓடவிட்டுச் சோதித்தேன், ஒவ்வொன்றும் சரி.

நேற்று முதல் முறையாக ராத்திரிக் கணக்கு சரியாக வரும் என்று உட்கார்ந்தால் 5 காசு இடித்தது. ரொக்கம் 5 காசு அதிகம். மறுபடியும் என் பிழையோ என்று பயந்து ஒவ்வொரு பில்லாகப் பார்த்தோம். அப்பாதான் கண்டுபிடித்தார். கேசரிக்குப் பலகையில் 1.60 என்று எழுதியிருக்கிறார், நான் நிரலில் 1.55 என்று பதிந்திருக்கிறேன். நேற்று கேசரி ஒன்றே ஒன்றுதான் விற்றது. 0.05 சலுகை வைத்திருந்தால் இது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

ஒரே ஒரு சந்தேகம். பழைய மூன்று மாத விற்பனை தரவுத்தளத்தில் புளோட்டாகவே கிடக்கிறது. அதை என்ன செய்வது?

கணக்கு அக்கா · ஞாயிறு, காலை 8:15

ஒவ்வொரு பில் தொகையையும் தனித்தனியாக 100-ஆல் பெருக்கி, வெட்டாமல், அருகிலுள்ள முழு எண்ணுக்கு ரவுண்டு செய்து புதிய பத்தியில் எழுதுங்கள். கூட்டிவிட்டு ரவுண்டு செய்யாதீர்கள், ரவுண்டு செய்துவிட்டுக் கூட்டுங்கள். பழைய பத்தியை அழிக்க வேண்டாம், ஒரு வருடம் இருக்கட்டும். பிறகு ஏதாவது பத்து நாளுக்குக் காகித ரசீதை எடுத்து நாள் மொத்தத்தோடு ஒத்துப் பாருங்கள். கேசரி விற்ற நாள்களை முதலில் எடுங்கள்.